துப்பாக்கிக்கு முன் மாணவர்: 1965ஆம் ஆண்டும் கொங்கு நாட்டின் துயரமும்

முன்னுரை

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் தொன்மையான மரபு. தொல்காப்பியப் புறத்திணையியல், உரிய கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, அதனை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது ஈறாக இம்மரபை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கும். வீழ்ந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் பொறிக்கும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் பலவும் சுட்டுகின்றன. பெயர் பொறித்த பின்னரே கல் நடுகல்லாகிறது. அதற்கு முன் அது வெறுங்கல்லே.

கொங்கு நாட்டிற்கு இம்மரபு புறம்பானதன்று. இந்நாட்டின் ஊர்ப்புறங்களில் நடுகற்கள் பரவலாகக் கிடைத்துள்ளன. காங்கயத்திற்கு வடக்கே நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து நிகழ்ந்த அகழாய்வுகள் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் பலவற்றை வெளிக்கொணர்ந்தன. அவற்றில் காணப்படுவன பெரும்பாலும் மன்னர் பெயர்கள் அல்ல. கண்ணன் ஆதன் என்பன போன்ற எளிய மாந்தரின் பெயர்களே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மணிக்கல் இழைத்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த ஊரின் மக்கள் பெயர்கள் இன்று அறியக் கிடைக்கின்றன. ஆயின், 1965ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இதே கொங்கு நாட்டின் தெருக்களில் துப்பாக்கிக்கு இரையானோர் எத்தனை பேர், அவர்தம் பெயர்கள் யாவை என்னும் வினாவிற்கு அனைவரும் ஏற்கும் விடை இன்றுவரை இல்லை.

1965ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சி, மொழி வரலாற்றின் ஒரு பகுதியாகப் பலராலும் ஆராயப்பட்டுள்ளது. அக்கிளர்ச்சியின் துயரம் இரண்டு வினாக்களை எழுப்பியது. மாணவர் எம்மொழியில் கற்பது, எம்மொழியில் தேர்வெழுதுவது என்பது முதல் வினா. கல்விக்கூடத்திலிருந்து வெளிவந்து வீதியில் நிற்கும் மாணவர்மீது அரசு எந்நிலையில் துப்பாக்கியை நீட்டலாம் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்கு மூன்றே ஆண்டுகளில் சட்டம் விடையளித்தது. இரண்டாம் வினா விடையின்றியே நின்றுவிட்டது. அவ்வாறு நின்றமையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொங்கு நாடும் தமிழ்க் கல்வியும்

1965இல் கொங்கு நாட்டின் பெரும்பகுதி ஒரே கோவை மாவட்டமாக இருந்தது. ஈரோடு, சத்தியமங்கலம், தாராபுரம், காங்கயம், பொள்ளாச்சி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கின. கரூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் குமாரபாளையம் சேலம் மாவட்டத்திலும் இருந்தன. வெள்ளகோவில், கோவையையும் கரூரையும் இணைக்கும் பெருவழியில் காங்கயத்திற்குக் கிழக்கே அமைந்த ஊர். கோவை மாவட்டத்தில் இருந்து, 1979இல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு உருவான மாவட்டத்திற்கும், 2009இல் திருப்பூர் மாவட்டத்திற்கும் மாறிய ஊர் இது. கிழக்கே கரூரிலும் மேற்கே திருப்பூரிலும் நிகழ்ந்தவை எவையாயினும் அவற்றின் செய்தி இப்பெருவழியாகவே இங்கு வந்து சேரும்.

இந்நாடு தமிழ்க் கல்விக்குச் செய்த பணி சிறிதன்று. திருப்பூரைச் சேர்ந்த தி.சு. அவினாசிலிங்கம் 1946இல் சென்னை மாநிலக் கல்வியமைச்சராகப் பொறுப்பேற்றார்; அவ்வாண்டிலேயே தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அக்கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. பத்துத் தொகுதிகளாக அது வளர்ந்தது. அதன் முதன்மை ஆசிரியராக இருந்து உழைத்த பெரியசாமித்தூரனும் ஈரோட்டை அடுத்த ஊரில் பிறந்த கொங்கு நாட்டவரே. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் மாநிலக் கல்வியமைச்சராகப் பணியாற்றியவர். 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேற முன்னின்றவர்களுள் ஒருவர்.

இவர்கள் இருவரும் காங்கிரசுப் பேரியக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. மறுபுறம், ஈரோட்டில் பிறந்த பெரியார் 1938ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர். ஆயினும் 1965ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சியை அவர் ஆதரிக்கவில்லை. ஆகவே 1965இன் துயரத்தைக் கட்சிக் கணக்கில் மட்டும் அடக்கிவிட இயலாது. அது கட்சி எல்லைகளைக் கடந்து இல்லங்களுக்குள் நுழைந்த துயரம்.

அக்காலத்தில் கல்லூரிக்குச் சென்றோருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாடு விடுதலை பெற்ற பின் உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் பெருகின. கோவையில் பூ.சா.கோ. கலைக் கல்லூரி 1947இலும் தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும், ஈரோட்டில் சிக்கய்ய நாயக்கர் கல்லூரி 1954இலும் தோன்றின. மேட்டுக்காட்டு உழவர் வீட்டிலிருந்தும் தறிக்காரர் வீட்டிலிருந்தும் பஞ்சாலைத் தொழிலாளர் வீட்டிலிருந்தும் பிள்ளைகள் படிக்கப் போயினர். நடுவணரசுத் தேர்வுகள் இந்தியில் மட்டும் நிகழுமாயின் தம் பிள்ளைகளின் படிப்பு பயனற்றுப் போகும் என்னும் அச்சம் எழுத்தறியாத பெற்றோரிடமும் இருந்தது. அக்கிளர்ச்சியின் ஆழத்தை உணர இவ்வச்சத்தை உணர்தல் வேண்டும்.

பதினைந்து ஆண்டுக் கெடு

1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம், தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கியது. 15 ஆண்டுகள் ஆங்கிலமும் தொடர இடமளித்தது. அக்கெடு 1965 சனவரி 26ஆம் நாள் முடிவுறுவதாக இருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் எனப் பிரதமர் நேரு 1959இல் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். எனினும் 1963இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம், ஆங்கிலம் 'தொடரலாம்' என்றதேயன்றித் 'தொடரும்' என்று கூறவில்லை. ஒரு வினைமுற்றின் விகுதி வேறுபாட்டில் ஒரு தலைமுறையின் எதிர்காலம் அடங்கியிருந்தது எனலாம். நேரு 1964 மே திங்களில் மறைந்தபின் அவர் அளித்த வாய்மொழி உறுதிக்குக் காவல் இல்லை என்ற கவலை வலுப்பெற்றது.

1964 சனவரி 25ஆம் நாள் கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சிராப்பள்ளியில் தம் உயிரை ஈந்தார். ஓராண்டு கழித்து, 1965 சனவரி 25ஆம் நாள், மதுரையில் மாணவர் ஊர்வலத்தின்போது எழுந்த மோதல் மாநிலம் முழுவதும் பரவிய கிளர்ச்சிக்குத் தொடக்கமாயிற்று.

சிதம்பரத்தில் வீழ்ந்த மாணவர்

சனவரி 27ஆம் நாள், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். காவல்துறையினர் தடுத்தனர், பின்னர்ச் சுட்டனர். மாணவர் இராசேந்திரன் குண்டடிபட்டு இறந்தார். இசைக்கும் தமிழுக்கும் சிறப்பிடம் தந்து 1929இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் அது. தமிழ் பயில்வோரும் பொறியியல் பயில்வோரும் ஒரே விடுதிச் சோற்றை உண்ட இடம். அங்கிருந்து புறப்பட்ட மாணவர் ஒருவர் துப்பாக்கிக் குண்டால் வீழ்ந்தார் என்ற செய்தி, அதுவரை மொழிச் சிக்கலில் ஆர்வம் காட்டாதோரையும் கலங்கச் செய்தது.

கிளர்ச்சியின் தன்மை அந்நாளோடு மாறியது என்பர். அதற்குமுன் மாணவர் கேட்டது சட்டத் திருத்தம். அதன்பின் அக்கோரிக்கையோடு இறந்த தோழருக்கான துயரமும் சேர்ந்துகொண்டது. இராசேந்திரனுக்குச் சிதம்பரத்தில் சிலை எழுந்தது. அவர் பெயர் நிலைத்தது. அவருக்குப் பின் வீழ்ந்த பலருக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

கொங்கு நாட்டில் பிப்ரவரி

பிப்ரவரித் திங்களின் இரண்டாம் வாரத்தில் கிளர்ச்சி கொங்குப் பகுதியில் கடுமையுற்றது. கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. மாணவரோடு தொழிலாளரும் கடைத்தெரு இளைஞரும் சேர்ந்தனர். தொடர்வண்டி நிலையங்களும் அஞ்சலகங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. திருப்பூரிலும் குமாரபாளையத்திலும் பொள்ளாச்சியிலும் துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன.

பொள்ளாச்சியில் பிப்ரவரி 12ஆம் நாள் நிகழ்ந்தது இவற்றுள் பெரிதும் பேசப்படுவது. படைவீரர்கள் வண்டிகளில் வந்து இறங்கிச் சுட்டனர் என்பது ஊரார் நினைவு. அன்று இறந்தோர் தொகையாக அரசு கூறிய எண்ணுக்கும் ஊரார் கூறும் எண்ணுக்கும் இடையே பேரிடைவெளி உள்ளது. மாநிலம் முழுமைக்கும் நிலைமை இதுவே. அரசுத் தரப்பு மதிப்பீடு 70 அளவில் நிற்க, பிற மதிப்பீடுகள் 500 வரை செல்கின்றன. ஓர் உயிருக்கும் மற்றோர் உயிருக்கும் இடையே கணக்குப் பிழை நேர்வது உண்டு. நானூறு உயிர்கள் ஐயத்தில் தொங்குவதைப் பிழை என்று கூற இயலாது. அது முறையான ஆய்வு நிகழாமையின் சான்று.

இத்துயரத்தின் மறுபக்கத்தையும் வரலாறு மறைத்தல் ஆகாது. அதே வாரத்தில் திருப்பூரில் காவல்துறைத் துணை ஆய்வாளர் இருவர் கூட்டத்தினரால் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களும் இல்லத்தில் மனைவி மக்கள் காத்திருந்த மனிதர்களே. மாணவர் துயரத்தைப் போற்றுவோர் இக்கொலையைச் சொல்லாமல் கடப்பதும், காவலர் துயரத்தைப் போற்றுவோர் பொள்ளாச்சியைச் சொல்லாமல் கடப்பதும் ஒரே குறையின் இரு வடிவங்கள். துப்பாக்கி எப்போது எழலாம் என்ற விதி தெளிவாக இருக்குமாயின் அது மாணவரை மட்டுமன்றிக் காவலரையும் காக்கும் என்பதற்குத் திருப்பூரே சான்றாகும்.

மூன்றாவது வகைத் துயரமும் இந்நாட்டிற்கு நேர்ந்தது. சத்தியமங்கலம் முத்து பிப்ரவரியிலும், மாணவரான பீளமேடு தண்டபாணி மார்ச்சிலும் தம் உயிரைத் தாமே ஈந்தனர். அவர்கள் பெயர்கள் மொழிப்போர் ஈகியர் பட்டியலில் இடம்பெற்று, ஆண்டுதோறும் சனவரி 25ஆம் நாள் நினைவுகூரப்படுகின்றன. அவர்தம் ஈகத்தை மதிக்கும் சமூகம், அத்தகைய இளைஞர் வாழ்ந்து பணியாற்றியிருந்தால் மொழிக்கு எத்துணைப் பயன் விளைந்திருக்கும் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். இளமை வாழ்வதற்கு உரியது. தம் குரலைக் கேட்பார் இல்லை என்ற எண்ணம் எந்த மாணவர்க்கும் எழாதவாறு காப்பது மூத்தோர் கடன்.

முதல் வினாவும் அதன் விடையும்

துயரத்தின் அழுத்தம் தில்லியை எட்டியது. பிப்ரவரி 11ஆம் நாள் நடுவண் அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். பொள்ளாச்சி மண்ணில் பிறந்தவர் தில்லியில் பதவி துறக்க முன்வந்த மறுநாளே பொள்ளாச்சியில் துப்பாக்கி வெடித்தது என்பது வரலாற்றின் கொடிய பொருத்தம். 11ஆம் நாள் இரவிலேயே பிரதமர் லால் பகதூர் சாத்திரி வானொலி வழியே நாட்டு மக்களுக்கு உறுதிமொழிகள் வழங்கினார். மாநிலங்கள் தத்தம் மொழியில் இயங்கலாம், நடுவணரசோடு ஆங்கிலத்தில் தொடர்புகொள்ளலாம், அனைத்திந்தியப் பணித் தேர்வுகளில் ஆங்கிலம் தொடரும் என்பன அவற்றுள் அடங்கும். அமைச்சர்கள் பின்னர் விலகலைத் திரும்பப் பெற்றனர். கிளர்ச்சி மார்ச்சுத் திங்களில் ஓய்ந்தது.

1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரசுக் கட்சி மாநில ஆட்சியை இழந்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். விருதுநகரில் காமராசரை வென்றவர் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன். கோபிசெட்டிப்பாளையம் மக்களவைத் தொகுதியில் சி. சுப்பிரமணியமும் தோல்வியுற்றார். ஆங்கிலப் பயன்பாட்டை உறுதிசெய்யும் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் 1967 திசம்பரில் நிறைவேறி, 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி ஆங்கிலத்தை அகற்ற இயலாது என அச்சட்டம் கூறுகிறது. 1968 சனவரி 23ஆம் நாள் மாநிலச் சட்டமன்றம் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம் ஆகிய இருமொழிகளே இடம்பெறும் எனத் தீர்மானித்தது.

இவ்வாறு முதல் வினா சட்டப் புத்தகத்தில் விடை பெற்றது. இன்று தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் தொங்கும் பாட அட்டவணை அவ்விடையின் சாட்சி.

இரண்டாம் வினா

துப்பாக்கி பற்றிய வினா என்னவாயிற்று? 1965இல் காவலர் கையிலிருந்த சட்டம், ஆங்கிலேயர் 1898இல் இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். முறையற்ற கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தை அது நடுவருக்கும் காவல் அதிகாரிக்கும் வழங்கியது. அவ்வாறு செயற்பட்டோர்மீது அரசின் இசைவின்றி வழக்குத் தொடர இயலாது என்றும் கூறியது. ஆளப்படும் மக்களை அடக்குவதற்காக அயலார் எழுதிய விதி அது. 1973இல் புதிய நடைமுறைச் சட்டம் வந்தது; அவ்விதிகள் சிறு மாற்றங்களுடன் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளில் தொடர்ந்தன. 2024 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா என்னும் சட்டத்திலும் அவை 148 முதல் 151 வரையிலான பிரிவுகளாக நிற்கின்றன. மொழி பற்றிய சட்டம் மாணவர் குருதியால் மாறியது. துப்பாக்கி பற்றிய சட்டம் எண் மட்டுமே மாறியது.

இதற்கான காரணங்களை ஆராய்வோர் மூன்றினைக் காணலாம். முதலாவது, மொழிக் கோரிக்கையின் வெற்றி. வென்ற தரப்பு வெற்றியைக் கொண்டாடியது. இழப்பைக் கணக்கிடும் பொறுமை குறைந்தது. இரண்டாவது, எதிர்க்கட்சியாக இருந்து துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்தோர் ஆளுங்கட்சியானபோது அதே துப்பாக்கியின் பொறுப்பாளராயினர். திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் 1970 சூன் 19ஆம் நாள், மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். 1965இன் துயரத்தால் ஆட்சிக்கு வந்தோரின் காலத்தில், 1965இன் துயரம் நிகழ்ந்த அதே வட்டாரத்தில் இது நேர்ந்தது. மூன்றாவது காரணம், பெயர்கள் தொகுக்கப்படாமை. பெருமாநல்லூரில் இறந்த உழவர் மூவருக்கு நினைவிடம் உண்டு. உழவர் அமைப்புகள் ஆண்டுதோறும் அங்குக் கூடுகின்றன. பெயர் அறியப்பட்டமையால் நினைவு நிலைத்தது. நினைவு நிலைத்தமையால் உழவர் கோரிக்கைகளும் நிலைத்தன. 1965இல் தெருவில் வீழ்ந்த பெயர் அறியாதோர், 'மொழிப்போர் ஈகியர்' என்ற பொதுப்பெயரில் கரைந்தனர். பொதுப்பெயர் போற்றுதற்கு ஏற்றது. வினவுதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

பிறர் விடையளித்த முறை

மொழிக்காகவும் கல்விக்காகவும் மாணவர் துப்பாக்கிக்கு இரையான நிகழ்ச்சி தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1952 பிப்ரவரி 21ஆம் நாள் தாக்காவில், வங்கமொழிக்கு ஆட்சிமொழித் தகுதி கேட்ட மாணவர்மீது காவலர் சுட்டனர். இறந்த பர்க்கத், சலாம், சப்பார், ரபீக்கு ஆகியோர் பெயர்களை வங்கதேசத்துச் சிறுவரும் அறிவர். அவர்களுக்கு மாணவர் எழுப்பிய முதல் நினைவுச் சின்னம் சில நாள்களிலேயே இடிக்கப்பட்டது, மீண்டும் எழுந்தது. 1956இல் வங்கமொழி பாக்கிசுத்தானின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1999இல் யுனெசுகோ பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

இந்திய எல்லைக்குள்ளேயே, அசாமின் சில்சார் தொடர்வண்டி நிலையத்தில் 1961 மே 19ஆம் நாள் வங்கமொழிக்காகப் போராடியோர் 11 பேர் சுடப்பட்டு இறந்தனர். பள்ளியிறுதித் தேர்வை அப்போதுதான் எழுதி முடித்திருந்த கமலா பட்டாச்சார்யா அவர்களுள் ஒருவர். பதினொரு பெயர்களும் அறியப்பட்டவை. பதினொருவருக்கும் நினைவுச் சின்னம் உண்டு. நான்கே ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த பொள்ளாச்சிக்கு அத்தகைய உறுதியான எண் இல்லை என்பது ஒப்புநோக்கத்தக்கது.

தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் 1976 சூன் 16ஆம் நாள், ஆப்பிரிக்கான்சு மொழியைப் பயிற்றுமொழியாகத் திணித்ததை எதிர்த்துப் பள்ளிச் சீருடையில் புறப்பட்ட சிறுவர்மீது காவலர் சுட்டனர். பன்னிரண்டு வயது எக்டர் பீட்டர்சன் அன்று இறந்தான். இறந்தோர் தொகை பற்றி அங்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இனவொதுக்கல் ஆட்சி வீழ்ந்தபின் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 1996இல் சோவெட்டோ மக்களை அழைத்து அந்நாளின் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் கேட்பதற்கு ஓர் அவை கூடிற்று.

அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் 1970 மே 4ஆம் நாள், வியட்நாம் போரை எதிர்த்த மாணவர் கூட்டத்தின்மீது தேசியக் காவற்படையினர் 13 நொடிகளில் 67 முறை சுட்டனர். மாணவர் நால்வர் இறந்தனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் அவ்வாண்டே தன் அறிக்கையை அளித்தது. அச்சூடு தேவையற்றது எனக் கண்டதோடு, மாணவர் கூட்டத்தை எதிர்கொள்ளும் படையினருக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வழக்கமாக வழங்குவதே நிறுத்தப்பட வேண்டும் என்றும் அது கூறியது. குற்றவியல் வழக்கில் எவரும் தண்டனை பெறவில்லை. எனினும் இரண்டாம் வினா அங்கு நேருக்கு நேர் எழுப்பப்பட்டது.

இவை அரசின் துப்பாக்கி பற்றியவை. தனிமனிதர் கைத்துப்பாக்கி பற்றியும் ஒரு சான்று கூறலாம். இசுக்காட்லாந்தின் டன்பிளேன் என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் 1996 மார்ச் 13ஆம் நாள் ஒருவன் நுழைந்து சிறார் 16 பேரையும் அவர்தம் ஆசிரியை ஒருவரையும் சுட்டுக் கொன்றான். ஊர்மக்கள் அழுததோடு நில்லாமல், பனித்துளிப் பூவின் பெயரால் ஒரு விண்ணப்ப இயக்கம் தொடங்கினர். பல இலட்சம் பேர் கையொப்பமிட்டனர். நீதிபதி கல்லன் தலைமையில் விசாரணை நிகழ்ந்து, அவ்வாண்டே அறிக்கை வெளிவந்தது. 1997இல் பெரிய பிரித்தானியாவில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. இறந்த சிறார் ஒவ்வொருவரும் பெயரோடும் முகத்தோடும் நாட்டின் முன் நிறுத்தப்பட்டமை அச்சட்டத்திற்கு வலிமை சேர்த்தது.

இந்நாடுகளின் நிலைமைகள் வேறு வேறானவை. எனினும் ஒரு முறைமை பொதுவாகத் தெரிகிறது. துயரம் முதலில் பெயர்களைத் தொகுக்கிறது. பெயர்கள் விசாரணையைக் கேட்கின்றன. விசாரணை விதியைக் கேட்கிறது. முதற்படி தவறினால் அடுத்த படிகளும் தவறுகின்றன.

எழுதப்பட்டும் ஏற்கப்படாத பரிந்துரை

இந்தியாவில் இதற்கான வழி வகுக்கப்படாமல் இல்லை. 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம் தன் முதல் அறிக்கையில், கூட்டத்தைக் கலைக்கும்போது நிகழும் துப்பாக்கிச் சூட்டில் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ இறந்தால், நீதித்துறை விசாரணை கட்டாயமாக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. விசாரணை வேண்டுமா, வேண்டாவா என்பதை ஆளுங்கட்சியின் விருப்பத்திற்கு விடலாகாது என்பதே இதன் உட்பொருள். 1990இல் ஐக்கிய நாடுகள் அவையின் மாநாடு ஏற்ற அடிப்படை நெறிகள், உயிரைக் காப்பதற்கு வேறு வழியே இல்லாத நிலையில் மட்டுமே துப்பாக்கி பயன்படலாம் என்கின்றன.

பரிந்துரை ஏட்டில் தங்கிவிட்டது. 2018 மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தையொட்டி நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பள்ளிப் பருவத்தைக் கடந்துகொண்டிருந்த இளம்பெண்ணும் ஒருவர். நீதிபதி அருணா செகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையின் செயல் முறையற்றது என அது கண்டது. இறந்தோரின் பெயரும் தொகையும் அறியப்பட்டன என்ற அளவில் இது 1965ஐ விட முன்னேற்றமே. விசாரணையும் நிகழ்ந்தது. ஆயினும் எந்நிலையில் துப்பாக்கி எழலாம் என்ற விதி அரை நூற்றாண்டுக்கு முன் இருந்தவாறே இருந்தமையால் அன்றோ அவ்விசாரணைக்குத் தேவை எழுந்தது?

முடிவுரை

1965இல் பதினெட்டு வயதினராய் இருந்தோர் எண்பதை எட்டிக்கொண்டிருக்கின்றனர். சிலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; சிலர் வழக்கறிஞர்; சிலர் தம் தோட்டத்தில் தென்னைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருப்போர். பொள்ளாச்சியிலும் திருப்பூரிலும் குமாரபாளையத்திலும் அவ்வாரத்தில் யார் வீட்டுப் பிள்ளை திரும்பி வரவில்லை என்பதை அவர்கள் அறிவர். அவர்களோடு பயின்று பாதியில் நின்ற பெயர் எது என்பதைப் பள்ளி வருகைப் பதிவேட்டைவிட அவர்கள் நினைவு தெளிவாகச் சொல்லும். இன்னும் சில ஆண்டுகளில் அந்நினைவு அவர்களோடு மறையும்.

கல்வெட்டைப் படியெடுக்கவும் ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கவும் தமிழ் அமைப்புகள் காட்டும் ஊக்கம் போற்றத்தக்கது. அவ்வூக்கத்தின் ஒரு கூற்றினை இப்பணிக்கும் வழங்கலாம். ஊர்தோறும் இலக்கிய வட்டங்கள் உள்ளன. ஊர்தோறும் முதியோர் உள்ளனர். கேட்டு எழுதுவதற்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் மட்டுமே. இறந்தவர் பெயர், ஊர், அகவை, படித்த பள்ளி, வீழ்ந்த இடம் ஆகியவை ஊர்வாரியாகத் தொகுக்கப்பட வேண்டும். திருப்பூரில் இறந்த காவல் அதிகாரிகளும் அத்தொகுப்பில் இடம்பெற வேண்டும். வென்ற தரப்பின் பட்டியலாக அன்றி, இழந்த உயிர்களின் பட்டியலாக அது அமைதல் வேண்டும்.

அத்தகைய தொகுப்பு மாண்டோரை மீட்டுத் தராது. ஆயின் 70க்கும் 500க்கும் இடையே தொங்கும் ஐயத்தைப் போக்கும். அவ்வையம் நீங்கிய நாளில்தான், ஒரு மாணவர்மீது துப்பாக்கி நீட்டப்படுவதற்கு முன் எத்தனை வாயில்களைக் கடக்க வேண்டும் என்னும் வினாவைச் சட்டமன்றத்தின்முன் சான்றோடு வைக்க முடியும். நொய்யற்கரைக் குயவரும் மணிக்கல் தொழிலாளரும் தம் பெயரைப் பானையில் கீறி வைத்தனர். ஈராயிரம் ஆண்டுகள் மண் அதனைக் காத்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த மாணவரின் பெயரைக் காக்கும் பொறுப்பை மண்ணிடம் விட்டுவிடுதல் தகாது.